ஆறாம் பாத்தியில் நின்ற மத்தியானம்

எங்கள் ஊர் அளத்தங்கரையில், ஆறாம் பாத்தியின் மேல் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது, வந்தது திரும்பிப் போகவில்லை. சூரியன் போய்விட்டது. அது வழக்கம்போல மேற்கே பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கி, சிவந்து, அணைந்து, ஊருக்கெல்லாம் இருட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போனது. வெயில்தான் போகவில்லை. மற்ற உப்புப் பாத்திகளெல்லாம் கறுத்துக் கிடக்க, ஆறாம் பாத்தி மட்டும் நாலு வரப்புக்குள்ளே அளந்து வெட்டி வைத்த மாதிரி உச்சி வெயிலோடு வெள்ளையாக எரிந்துகொண்டு நின்றது. வரப்புக்கு இந்தப் பக்கம் நின்றால் நட்சத்திரம் தெரியும்; ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் அந்தக் கால் மட்டும் சுடும். ஏன் நின்றது, எப்படி நின்றது என்று என்னிடம் கேட்கக் கூடாது. எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசினவர்களுக்கும் தெரியாது.

முதல் நாள் சனம் வரப்பில் நின்று வாயில் கைவைத்துப் பார்த்தது. அதோடு சரி. மறுநாள் பேச்சிக்கனி சித்தி ஒரு சுளகு நிறைய மிளகாய் வத்தலைக் கொண்டுவந்து கரையோரம் வைத்தாள், வத்தலைப் பார்த்து மேலத்தெருக்காரி சாளைக் கருவாட்டை விரித்தாள், கருவாட்டைப் பார்த்துக் காக்காய் வந்தது, வந்த காக்காய்கள் பொழுது அடைவது தெரியாமல் அங்கேயே கிடந்து கத்தின, காக்காய் விரட்ட வந்த பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்து பாடம் படித்தார்கள், கரண்ட் போனால் முடி வெட்ட முடியாத சலூன்கார அண்ணாச்சி நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து வரப்பு மேல் போட்டார், கடைசி பஸ்ஸின் கண்டக்டர் ‘மத்தியானமெல்லாம் எறங்கு’ என்று கூவ ஆரம்பித்தார், இறங்குகிறவர்களும் சிரிக்காமல் இறங்கினார்கள். ஒரு வாரம் போவதற்குள் ரேஷன் கடை மாதிரி, அடிபம்பு மாதிரி, அதுவும் ஊரில் இருக்கிற ஒரு சாமானாகிவிட்டது.

ஊருக்கு ஒரு அம்மன் உண்டு. வெயிலுகந்தம்மன். கூரை போட்டால் தாங்கமாட்டாள், எத்தனை தடவை போட்டாலும் காற்றில் பறந்துவிடும் என்பார்கள், அதனால் அவள் கோயிலுக்கு மொட்டைச் சுவர்தான். பூசாரி வந்து ஆறாம் பாத்தியைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், “ஆத்தா கோயில விட்டு எந்திரிச்சு வந்து இங்ஙன இருக்கா” என்றார். அன்றிலிருந்து அந்த வெயிலைக் குறை சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. கண் கூசுகிறது என்று சொன்னால்கூட அது ஏதோ அவள் மூஞ்சியைப் பார்த்து அசிங்கம் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

உப்பள முதலாளி டவுனில் இருப்பவர், ஊருக்கு வரமாட்டார். அவருக்காகக் கண்ணும் வாயும் வைத்துக்கொண்டு இங்கே இருந்தவர் கங்காணி சூசைமாணிக்கம். அளத்து வேலை என்றால் விடியுமுன்னே போய், வெயில் ஏறுமுன்னே கரையேறுவது. உப்பில் பட்டுத் திரும்பி அடிக்கிற வெயிலில் கண் நிற்காது, இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆறாம் பாத்திக்கு விடியலும் கிடையாது, கரையேறுவதும் கிடையாது. எப்போது போனாலும் உச்சி. உப்பு அங்கே வார வார விளைந்தது. நேற்று வாரிய இடத்தில் இன்று பூத்து நின்றது. ஆகவே கங்காணி நல்ல பலகைக்காரிகளாகப் பார்த்துப் பொறுக்கி அந்தப் பாத்தியில் இறக்கினார். பலகை என்றால் நீளக் கம்பில் கட்டின உப்பு வாரும் பலகை. அதை இழுப்பதில் எங்கள் ஊரில் முதல் ஆள் வள்ளிமயில். வள்ளிமயில் என் அம்மா.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா தோணியில் மாலத்தீவு போகிறவர், வந்தால் வந்தார். வீட்டில் நானும் அவளும்தான். அவளுக்குக் கண்தான் சொத்து. அரிசியில் கல் பார்க்க முறத்தைப் புடைக்கவே மாட்டாள், சும்மா பார்த்துப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே போவாள். ஊர்க்கோடியில் வருகிறவள் யார், அவள் யாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறாள் என்பது வரைக்கும் நடையைப் பார்த்துச் சொல்லுவாள். என் தலையைப் பிடித்து மடியில் போட்டாளென்றால் பேன் முட்டையைக்கூட விடமாட்டாள். “படிப்புத்தான் ஏறல, இதாவது ஏறுச்சே” என்பாள்.

என் பெயர் உலகம்மாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் பெயிலானேன். திரும்ப எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. பிடிக்காததை இரண்டு தடவை செய்கிற புத்தி எனக்குக் கிடையாது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெபமணி அக்காவின் ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் மஸ்கட் போனவர், போனவர் போனவர்தான். கேமராவையும் இருட்டறையையும் விட்டுப் போனாரே ஒழிய எதையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அக்காவுக்கு பிலிம் கழுவத் தெரியும், பிரிண்டுக்கு ஓரம் வெட்டத் தெரியும், படம் பிடிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. வெளிச்சத்தை அளக்கிற முள் ஒன்று கேமராவுக்குள் இருந்தது, அது எந்தக் காலத்திலோ செத்து ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஆகவே கண்ணால்தான் அளக்க வேண்டும்.

கண்ணால் அளப்பதென்றால் கண்ணை நம்புவதென்று நினைத்து, சுருள் சுருளாக பிலிமைக் கெடுத்தேன். கண் பொய் சொல்லும். இருட்டில் நின்றால் தன்னை விரித்துக்கொண்டு ‘வெளிச்சம் இருக்கே’ என்னும், வெயிலில் நின்றால் சுருக்கிக்கொண்டு ‘இவ்வளவுதானா’ என்னும். எது வந்தாலும் பழகிக்கொள்வதுதான் அதற்குப் பிழைப்பு. வெளிச்சத்தைப் பார்த்து வெளிச்சத்தை அளக்க முடியாது, நிழலைப் பார்த்துத்தான் அளக்க முடியும். நிழலின் ஓரம் பிளேடால் வெட்டின மாதிரி இருந்தால் லென்ஸ் வளையத்தைப் பதினாறில் வைக்க வேண்டும். ஓரம் நைந்திருந்தால் பதினொன்று. நிழல் இருக்கிறது, ஓரம் இல்லை என்றால் எட்டு. நிழலே இல்லாத மேகமென்றால் ஐந்து புள்ளி ஆறு. எண் ஏற ஏற ஓட்டை சிறுக்கும், ஒவ்வொரு எண்ணுக்கும் வெளிச்சம் பாதிபாதியாகும். இவ்வளவுதான் படிப்பு. இதில் நான் பெயிலாகவில்லை.

உப்பளத்துக்குக் கணக்கு வேறு. வெளியூரிலிருந்து படம் பிடிக்க வருகிறவர்கள் உப்பின் வெள்ளையைக் கண்டு மிரண்டு, வளையத்தைக் கடைசி எண் இருபத்திரண்டு வரைக்கும் இறுக்கிவிடுவார்கள். உப்பு அழகாக விழும், உப்புக்குள்ளே நிற்கிற மனுஷி கரிக்கட்டையாக விழுவாள். எங்கள் ஊர்ச் சுவர்களில் மாட்டியிருந்த அளத்துப் படங்களில் எது யார் என்று தலைத்துண்டை வைத்துத்தான் சொல்ல முடியும். நான் உப்பைப் பார்க்க மாட்டேன். முகத்தில் மூக்கு நிழல் விழுகிற இடத்தைப் பார்ப்பேன், வளையத்தைத் திறப்பேன், உப்பு வெந்து போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆறாம் பாத்தியைக் காலண்டரில் போட முதலாளி ஆசைப்பட்டார். கங்காணி என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு அங்கே வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள், ஒரே அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தது. எல்லோரும் மாட்டிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்த சிரிப்பில் பாதி நேரம் போய்விட்டது.

“ஏட்டி உலகு, நான் எப்படி இருக்கேன்?” என்றாள் பேச்சிக்கனி சித்தி.

“களவாணி மாதிரி இருக்கிய.”

“சினிமாக்காரி மாதிரின்னு சொல்லேன், வாயா குறைஞ்சிரும்?”

படம் பிடித்து முடிந்ததும் கங்காணி பெட்டியைத் திறந்து பிடித்தபடி ஒவ்வொருத்தியிடமும் வந்தார். கண்ணாடிகள் பெட்டிக்குள் போயின. கொடுத்தது படத்துக்கு, படம் முடிந்தது, வாங்கிக்கொண்டார்கள் என்று அதையும் ஒழுங்காகவே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் படங்களைக் கழுவினபோதுதான் பார்த்தேன். நான் நிழலைப் பார்த்துச் சரியாகத்தான் வைத்திருந்தேன், ஆனால் நெகடிவ் கொஞ்சம் கனத்து விழுந்திருந்தது. பிலிமில் வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும், அதிகம் பட்டால் அதிகம் கறுக்கும். நான் தப்பு செய்திருப்பேன் என்று நினைத்து மறுபடி போனேன், வளையத்தை ஒரு எண் இறுக்கினேன், மறுபடி கனத்து விழுந்தது. பிறகு பாத்திக்குள் இறங்கி அம்மாவின் காலடியில் கிடந்த நிழலைக் குந்தியிருந்து பார்த்தேன். அப்படி ஒரு நிழலை நான் பார்த்ததில்லை. ஓரம் வெட்டினது மாதிரி இல்லை, வெட்டுகிறது மாதிரி இருந்தது. வெயில் நிற்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்கு மேலே ஒரு உச்சி, அதற்கு மேலே ஒன்று என்று, சத்தமில்லாமல், ஒவ்வொரு வாரமும் ஏறிக்கொண்டிருந்தது, அதற்குத் தக்கபடி ஊர்க்காரர்களின் கண் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டிருந்தது.

கங்காணியிடம் போனேன்.

“அண்ணாச்சி, வெயிலு கூடுது.”

“வெயிலு கூடாம பனியா கூடும்?”

“நெழலப் பாருங்க. போன மாசம் இப்படி இல்ல.”

“நெழலப் பாத்து நான் என்னட்டி செய்ய? உப்பப் பாரு, எப்படி விளையுதுன்னு.”

“எங்கம்மாவ வேற பாத்திக்கு மாத்துங்க.”

“உங்கம்மா பலகைக்கு ஈடா ஒரு ஆளக் கொண்டா, மாத்துதேன்.” பிறகு கொஞ்சம் இளகி, அவர் ஒன்றும் அரக்கனில்லை, “பழகிரும்ட்டி. மொத நாளு எனக்கும் கூசிச்சு. இப்பக் கூசுதா? இல்ல. எதனால? பழகிட்டு” என்றார்.

“பழகுததுதான் அண்ணாச்சி கெடுதலே.”

“கணக்குல பெயிலானவ எனக்குக் கணக்குச் சொல்லுதா” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்றவரும் சிரித்தார். அந்த ஊரில் எதற்கும் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டேயிருப்பார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மா என் தலையை மடியில் போட்டுப் பேன் பார்த்தாள். கொஞ்ச நேரம் விரலை ஓட்டிவிட்டு, “ஒண்ணும் இல்லட்டி, தலை சுத்தமா இருக்கு” என்று தட்டி எழுப்பிவிட்டாள். எனக்குத் தலை அரித்துப் பிடுங்கியது. நானே விரலை விட்டு ஒன்றைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து அவள் முன்னே நீட்டினேன்.

“இது என்னம்மா?”

பார்த்தாள். கையை அவளுக்குக் கிட்டே இழுத்து, பிறகு தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லயே. எதுக்குட்டி வெறுங்கைய நீட்டுத?”

பேன் என் உள்ளங்கையில் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் அதை நசுக்கினேன். “ஒண்ணும் இல்ல” என்றேன்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இமையைத் திருப்பிப் பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார், சொட்டு மருந்து கொடுத்தார், இனிமேல் வெயிலில் நிற்கக் கூடாதென்று சொன்னார்.

“நானா டாக்டரே நிக்கேன்? வெயில்லா நிக்குது” என்றாள் அம்மா. டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் எங்கள் ஊரை பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி.

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. அம்மாவின் தலைத்துண்டை ஒளித்துவைத்தேன், வெறுந்தலையோடு போனாள். பலகையை ஒளித்துவைத்தேன், பேச்சிக்கனி சித்தியின் பலகையை வாங்கி இழுத்தாள். “அம்மன் இருக்குத எடத்துக்குப் போகாதேன்னு சொல்லுதியே, நீ விளங்குவியா?” என்றாள். ஆறாம் பாத்தியில் இறக்கினார்கள் என்பது அவளுக்குப் பெருமை வேறு. சொல்லிப் பயனில்லை என்று புரிந்தபோது காட்டலாம் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை தோறும் போய், வரப்பில் ஒரே இடத்தில் நின்று, நட்டுவைத்த ஒரே கம்பை, கடைசி எண்ணில், ஷட்டர் எவ்வளவு விரசாக மூடுமோ அவ்வளவு விரசில் வைத்து ஒரு படம் பிடித்தேன். அதற்கு மேல் அந்தக் கேமராவில் மூட ஒன்றும் கிடையாது. எதையும் மாற்றவில்லை. படம் மாறினால் வெயில்தான் மாறியிருக்க வேண்டும். இதைவிட லேசாக எப்படி நிரூபிப்பது?

ஜெபமணி அக்கா கழுவித் தொங்கவிட்ட சுருளைப் பார்த்துவிட்டு, “ஆண்டவரே” என்று நெஞ்சில் சிலுவை போட்டாள். முதல் வெள்ளிக்கிழமைக் கட்டம் சாம்பலாக இருந்தது, கம்பும் நிழலும் தெரிந்தன. அடுத்தது கறுத்தது, அதற்கடுத்தது இன்னும் கறுத்தது, போகப் போகக் கம்பும் இல்லை, நிழலும் இல்லை, கடைசிக் கட்டங்கள் அடுப்புச் சட்டியின் அடி மாதிரிக் கறுப்பாக இருந்தன.

ஊர்க்கூட்டம் அம்மன் கோயில் மொட்டைச் சுவருக்குள்ளே, பொழுது சாயும் நேரம் நடந்தது. கோடைத் திருவிழா மேளத்துக்கு யாரைச் சொல்வது என்று பேசி முடித்திருந்தார்கள். நான் நடுவில் போய் நின்று, சுருளை மேற்கே கொஞ்சம் மிச்சமிருந்த வானத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன்.

“எல்லாரும் பாருங்க. ஒரே எடம், ஒரே அளவு. இது மொதல்ல எடுத்தது, இது போன வெள்ளிக்கிழம எடுத்தது. எப்படி ஆயிருக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

எழுந்து வந்தார்கள். வரிசையாக வந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். பூசாரி பார்த்தார், சலூன்கார அண்ணாச்சி பார்த்தார், பெண்கள் பார்த்தார்கள், அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். கங்காணி சுருளைக் கையில் வாங்கி ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி ரொம்பக் கவனமாகப் பார்த்தார். அந்த நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“ஆமா,” என்றார் கங்காணி. குரல் இறங்கியிருந்தது. “இருட்டிக்கிட்டுல்லா வருது.”

“இல்ல அண்ணாச்சி...”

“மொதல்ல வெளுப்பா இருக்கு. பெறவு கறுக்கு. கடைசில ஒண்ணுமே தெரியல, ஒரே இருட்டு. ஏ அப்பா, வெயிலு போகப் போகுதுடா.”

“அது நெகடிவ்வு அண்ணாச்சி! கறுப்பா இருந்தா வெளிச்சம்னு அர்த்தம்!”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை.

“கறுப்புன்னா வெளிச்சமாம்லே.”

“அப்ப வெள்ளைன்னா இருட்டா? உப்பு இருட்டு, கரி வெளிச்சம்!”

ஜெபமணி அக்கா பின்னாலிருந்து, “அது அப்படித்தான்யா, தலைகீழாத்தான் தெரியும்” என்று கத்தினாள். கங்காணி சுருளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். “தலைகீழாப் புடிச்சாலும் கறுப்பாத்தான் இருக்கு” என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

நான் ஓடினேன். ஸ்டுடியோவுக்கு ஓடி, அந்தக் கட்டங்களை பிரிண்ட் போட்டு, ஈரம் காயாமல் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அவ்வளவு கறுத்த நெகடிவ் வழியாகத் தாளுக்கு என்ன வெளிச்சம் இறங்கும்? ஒன்றும் இறங்காது. தாள் தாளாக இருந்தது. வெள்ளைத் தாளை நீட்டி, “பாருங்க, கண்ணு அவிஞ்சு போற வெளிச்சம்” என்றேன்.

பூசாரி வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். “இதுல ஒண்ணுமே இல்லயே தாயி” என்றார், இரக்கமாக.

அன்றைக்கு அங்கேயே முடிவு செய்தார்கள். ஆத்தா எழுந்திருக்கப் போகிறாள், வந்தவள் எத்தனை நாள்தான் இருப்பாள், படமே சொல்லிவிட்டது. அவள் போகுமுன்னே வார வேண்டியதை வாரிவிட வேண்டும். அடுத்த நாளிலிருந்து மற்ற பாத்திகளை அப்படியே போட்டுவிட்டு ஊரிலுள்ள பெண்கள் எல்லோரும் ஆறாம் பாத்தியில் இறங்கினார்கள், முறை வைத்து இறங்கினார்கள், ஒரு முறைக்காரிகள் கரையேற அடுத்த முறைக்காரிகள் இறங்கினார்கள், அம்பாரம் அம்பாரமாக உப்பு குவிந்தது, குவிந்த உப்பில் பட்டு வெயில் இன்னும் எரிந்தது. அம்மா இரண்டு முறைக்கும் நின்றாள்.

“ஏம்மா, நீயுமா?”

“நீதானட்டி கொண்டாந்து காட்டுன, போகப் போகுதுன்னு” என்றாள்.

சொன்னேன், எல்லாம் சொன்னேன், தொண்டை கட்டுகிற வரைக்கும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள், சில வீடுகளில் கருப்பட்டிக் காப்பிகூடக் கொடுத்தார்கள். “படம் புடிச்சவளுக்கே வெளங்கல பாரு” என்று நான் வாசலைத் தாண்டுமுன்னே பேசிக்கொண்டார்கள். வெயிலைவிடப் படத்தை நம்பின ஊர், படத்தைவிடத் தன் கண்ணை நம்பியது. அந்தக் கண்ணைத்தான் அந்த வெயில் தின்றுகொண்டிருந்தது.

கண் போவதையும் ஊர் ஒழுங்காக எடுத்துக்கொண்டது. முதலில் தடுமாறி விழுந்தவளுக்காக வரப்பு நெடுகக் கயிறு கட்டினார்கள். பிறகு தெருவிலிருந்து பாத்தி வரைக்கும் கட்டினார்கள். சாயங்காலங்களில் பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக, பேசிச் சிரித்துக்கொண்டு நடந்து போவார்கள், பார்க்கத் தேர் இழுக்கிற மாதிரி இருக்கும். சோற்றுத் தூக்குகளில் ஆளுக்கொரு விதமாகக் கயிறு சுற்றினார்கள், தடவிப் பார்த்துத் தன்னுடையதை எடுக்க. பிள்ளைகள் வீட்டுக்குள் நுழையும்போது தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே நுழையப் பழகினார்கள். கங்காணி ஒரு நாள் என்னிடமே சொன்னார்: “கண்ணு தெரியாதவளுக்குத்தான்ட்டி அங்க வேலை லேசு. கூச்சம் இல்ல பாரு. காலாலேயே உப்பத் தெரிஞ்சுக்கிடுதாவ.” சொல்லும்போது என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார். நான் நகர்ந்து அவர் பார்வைக்கு நேரே போய் நின்றேன். பார்வை நகரவில்லை.

கடைசியாக ஒரு நாள், சூரியன் விழுந்த பிறகு, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று போனேன். கேமராவை எடுத்துக்கொண்டு போகவில்லை. கயிற்றைப் பிடிக்காமல் நடந்தேன். ஊருக்குள் எல்லாம் மங்கின நேரம், வேப்பமரங்களுக்கடியில் ஏற்கெனவே இருட்டு. ஆறாம் பாத்தி தூரத்திலேயே பொங்கி நின்றது. பக்கத்தில் போகப் போக நான் கையை நெற்றிக்கு வைத்து, பிறகு விரலிடுக்கில் பார்த்து, பிறகு தாவணியை முகத்தில் போட்டு அதன் இழை வழியாகப் பார்த்தேன். பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் கண்ணை இடுக்கவில்லை. எல்லோர் கண்ணும் அகலத் திறந்திருந்தது.

அம்மாவின் கையைப் பிடித்தேன். உப்பு காய்த்த கை, பிளந்து கிடந்தது.

“வாம்மா, வீட்டுக்குப் போவோம். போதும்.”

“வீட்டுல என்னட்டி இருக்கு?”

“நான் இருக்கேன்.”

“நீ இருக்க. எனக்கு எங்க தெரியுது? வீட்டுக்குள்ள வந்தா ஒரே கறுப்பு. அடுப்புல தீ எரியுதா இல்லையான்னுகூட கைய வச்சுத்தான் பாக்கேன். இங்ஙன வந்து நின்னாத்தான்ட்டி...” முகத்தை நிமிர்த்தினாள். அந்த வெயில் முழுக்க அதில் விழுந்தது. “இங்ஙன நின்னாத்தான் கொஞ்சமாது வெளிச்சம் தெரியுது. நீ வந்து நிக்குததுகூட தெரியுது. அங்க இழுத்துட்டுப் போயி என்னைய என்ன செய்யப் போற?”

பிடித்த கையை நான் விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. இழுத்தால் வந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன், எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள். இழுத்துக்கொண்டு போய் எங்கே விடுவது? அவளுக்கு மிச்சமிருந்த ஒரே பகல் அதுதான். அவளைக் குருடாக்கினதும் அதுதான். இரண்டையும் தனித்தனியாக வெட்டி எடுக்க எந்த வளையத்திலும் எண் இல்லை.

அப்போது பேச்சிக்கனி சித்தி பலகையை நிறுத்திவிட்டு அண்ணாந்தாள்.

“ஏ மைனி, இன்னைக்குக் கொஞ்சம் மங்கலா இல்ல?”

“ஆமா, நேத்துக்கு இன்னைக்குக் கொறச்சல்தான்” என்றாள் இன்னொருத்தி.

“எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆத்தா கெளம்பிட்டா போல.”

“அந்தப் பிள்ள அன்னைக்கே படம் புடிச்சுக் காட்டிச்சே, நாமதான் சிரிச்சோம்.”

ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள், அகலத் திறந்த கண்ணோடு வானத்தைப் பார்த்தார்கள், ஒவ்வொருத்தியாக ஒப்புக்கொண்டார்கள், குனிந்தார்கள், முன்னைவிட வேகமாகப் பலகையை இழுத்தார்கள். வெயில் என் தாவணியைத் தாண்டி, மூடின இமையைத் தாண்டி, சிவப்பாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

அம்மாவும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் வந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக வந்தது.

“ஏட்டி,” என்றாள் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல், என் கையை இறுக்கிக்கொண்டு. “நீதான வெளிச்சத்தச் சரியாச் சொல்லுவ. ஆத்தா போறாளா? இல்ல, மேகமா?”

நான் குனிந்து பார்த்தேன். அவள் காலடியில் நிழல் கிடந்தது. உப்பைத் தோண்டிக் கிணறு வெட்டின மாதிரி, ஓரம் கையை அறுக்கிற மாதிரி, அவ்வளவு கறுப்பாகக் கிடந்தது.

“மேகந்தாம்மா” என்றேன்.

“அப்பக் கலைஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு அம்மா குனிந்து பலகையைத் தேடினாள்.